இடுப்பில் ஒரு ரிவால்வர், எதிரில் ஒரு நர்ஸ்

இடுப்பில் எதையாவது ஒளித்து வைத்துக்கொண்டு ஒரு மனிதனால் இயல்பாக உட்கார முடியாது. சினிமாவில் உட்காருகிறார்கள், ஓடுகிறார்கள், ஆற்றில்கூடக் குதிக்கிறார்கள். அதையெல்லாம் நம்ப வேண்டாம். நான் முயன்று பார்த்தவன். அதுவும் பெண் வீட்டாருக்கு எதிரே, பாயில் சம்மணம் போட்டு.

அப்போது நான் ஷார்ஜா தொழில்பேட்டையில் ஏ.சி. மெக்கானிக். சொந்த ஊர் தூத்துக்குடிப் பக்கம் கடற்கரை. வளைகுடாவில் வேலை பார்க்கும் எங்கள் ஊர்ப் பையன்களுக்குக் கல்யாணம் பேசுவதில் ஒரு வழக்கம் உண்டு. ஊரில் பெண் பார்க்கும் முன்னால், இங்கே மாப்பிள்ளை பார்த்துவிடுவார்கள். பெண்ணுக்குச் சொந்தமான ஒருவர் துபாயிலோ மஸ்கட்டிலோ கட்டாயம் இருப்பார். அவர் ஒரு விடுமுறை நாளில் நம் ரூமுக்கு வந்து, டீ குடித்து, பேச்சோடு பேச்சாகக் கட்டிலுக்கு அடியில் குனிந்து பார்ப்பார் (பாட்டில் இருக்கான்னு பாக்காராம்). பிறகு ஊருக்குப் போன் போடுவார். அத்துடன் நம் தலையெழுத்து முடிந்தது.

எனக்கு இதற்கு முன் வந்த இரண்டு சம்பந்தங்களும் இந்தத் தேர்விலேயே போய்விட்டன. இரண்டிலும் ஒரே காரணம். "பையன் ரொம்ப சாது. வாயில வெரல வச்சாக் கடிக்கத் தெரியாது." இதை நல்ல குணம் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன்.

மூன்றாவதாக வந்தது ஸ்டெல்லாவின் சம்பந்தம். போட்டோ வந்தது. சிரிப்பை அடக்கிக்கொண்டு நிற்கும் முகம். போட்டோ எடுத்தவரைப் பார்த்துத்தான் சிரிப்பை அடக்கியிருக்கிறாள் என்று இப்போது எனக்குத் தெரியும். அன்று அது எனக்காக அடக்கிய சிரிப்பு என்று நினைத்து, படத்தைப் பர்சில் வைத்துக்கொண்டு சோறு தண்ணி மறந்து திரிந்தேன். இந்தச் சம்பந்தமும் கைநழுவினால் நான் கல்யாணமே வேண்டாமென்று சொல்லிவிடுவேன் என்று எனக்கே பயமாக இருந்தது.

இந்தத் தடவை மாப்பிள்ளை பார்க்கப் போவது ஸ்டெல்லாவின் அக்கா ஜெசிந்தா. கோர்ஃபக்கானில் ஒரு மருத்துவமனையில் நர்ஸ். அவரது கணவர் லூர்து அண்ணாச்சிதான் போன் செய்தார். ரூமுக்கு வரவில்லையாம், வெள்ளிக்கிழமை கோர்ஃபக்கான் கடற்கரையில் மீன் சுட்டுச் சாப்பிடலாம், வந்துவிடுங்கள் என்றார். கூடவே, "கடக்கரையில காத்து ஜாஸ்தி தம்பி. போன தடவ ஒரு பெட்டி தீக்குச்சியும் தீந்து, மீனப் பச்சையா வீட்டுக்குத் தூக்கிட்டு வந்தோம்" என்றும் சொன்னார்.

"தீய எங்கிட்ட விட்டுருங்க அண்ணாச்சி" என்றேன். வாய் சும்மா இருந்திருக்கலாம்.

இதைக் கேட்ட ரூம்மேட் செல்வம், மதுரைக்காரன், கட்டிலில் எழுந்து உட்கார்ந்தான். "மாப்ள, இதாண்டா சான்ஸு. சாது சாதுன்னுதான ரெண்டு பேரு தள்ளிவிட்டாய்ங்க. நீ போயி தீப்பெட்டிய உரசிக்கிட்டு நின்னேன்னு வையி, இதுவும் போச்சு. துபாய் தேரா பஜார்ல ரிவால்வர் மாதிரியே லைட்டர் விக்கிறாய்ங்க. இடுப்புல சொருகிட்டுப் போ. மீன வச்சதும் சட்டுன்னு உருவு. ஒரே சுடு, கரி பத்திக்கிரும். அந்தம்மா அசந்துரும்."

அந்தம்மா அசரும் காட்சி எனக்கு அப்போதே தெரிந்தது. மறுநாளே தேராவுக்குப் பஸ் ஏறினேன்.

கடைக்கார பாய் காயல்பட்டினத்துக்காரர். கண்ணாடி மேஜைமேல் துணி விரித்து, நகை காட்டுவதுபோல வரிசையாக வைத்தார். நீளக் குழல் வைத்தது ஒன்று, தட்டையான பிஸ்டல் ஒன்று, உள்ளங்கையில் அடங்கும் குட்டி ரிவால்வர் ஒன்று. குட்டிக்குக் கறுப்புப் பிடி, சுழலும் உருளை. விசையை இழுத்தால் குழல் வாயில் நீலமாக ஒரு சுடர். நான் ஒவ்வொன்றாக இடுப்பில் சொருகி, சட்டையை மூடி, கடை வாசலில் நடந்து காட்டினேன். நீளக் குழல் தொடையில் இடித்தது. பிஸ்டல் வழுக்கிக்கொண்டு உள்ளே இறங்கியது (அத வெளிய எடுக்கதுக்குள்ள பாய் முகத்தத் திருப்பிக்கிட்டாரு).

"எதுக்குத் தம்பி, வீட்டுக்கா?" என்றார் பாய்.

"வெளிய போறதுக்கு. பிக்னிக்கு. ஆனா வச்சிருக்கது வெளிய தெரியக்கூடாது."

"அப்ப சின்னதுதான். இடுப்போட இடுப்பா ஒட்டிக்கிடும். ஒரே ஒரு கொற. ஒடம்பு சின்னதுல்ல, கேஸ் கொஞ்சந்தான் புடிக்கும். சும்மா சும்மா அடிச்சுப் பாக்காதீங்க."

நான் தலையாட்டினேன். புத்திமதி சொல்பவரிடம் தலையாட்டுவதில் எனக்கு இணை கிடையாது.

அந்த வாரம் முழுக்க ரூமில் கண்ணாடிக்கு முன்னால் பயிற்சி நடந்தது. சட்டையை ஒரு கையால் விலக்கி, மறு கையால் உருவி, காலை அகட்டி நின்று விசையை இழுப்பது. சுடர் வரும். செல்வம் கைதட்டுவான். "இன்னும் வெரசா" என்பான். மறுபடி உருவுவேன். முகத்தை எப்படி வைத்துக்கொள்வது என்பதற்கே தனிப் பயிற்சி (ஒரு புருவத்த மட்டும் தூக்கணும், எனக்கு ரெண்டும் சேந்துதான் ஏறும்). சுடர் நாளுக்கு நாள் சிறுத்துக்கொண்டே வந்ததைக் கவனித்திருக்க வேண்டும். நான் என் முகத்தை அல்லவா கவனித்துக்கொண்டிருந்தேன்.

வெள்ளிக்கிழமை மதியம் செல்வம் தன் கம்பெனிப் பிக்கப்பில் என்னைக் கடற்கரையில் இறக்கிவிட்டு, "அள்ளிட்டு வாடா" என்று வாழ்த்திவிட்டுப் போனான். மலைப்பாதையின் ஒவ்வொரு வளைவிலும் ரிவால்வர் என் அடிவயிற்றில் குத்தியதில், இறங்கும்போதே நான் ஒரு பக்கமாகச் சாய்ந்துதான் நின்றேன்.

ஜெசிந்தா அக்கா ஓங்குதாங்கான ஆள். சிரிப்பதற்கு முன் ஒரு தடவை நம்மை மேலிருந்து கீழ்வரை பார்ப்பார். லூர்து அண்ணாச்சி நேர் எதிர், பஞ்சு மாதிரி மனிதர். "வாங்க தம்பி, இருங்க" என்று பாயைக் காட்டினார். நான் இருந்தேன். அதாவது இருக்க முயன்றேன். சம்மணம் போட்டால் குழல் குத்தியது. காலை நீட்டினால் பிடி குத்தியது. முன்னால் குனிந்தால் இரண்டும் சேர்ந்து குத்தின. கடைசியில் ஒரு கையால் இடுப்பைத் தாங்கிப் பிடித்தபடி, பாதி சாய்ந்து உட்கார்ந்தேன்.

அக்கா விசாரணையைத் தொடங்கினார். தூக்கம் எப்படி, பசி எப்படி, குடும்பத்தில் யாருக்காவது சர்க்கரை உண்டா. பெண் கொடுக்க வந்தவர் கேட்கும் கேள்விகளாக இல்லை, வார்டில் அட்மிஷன் போடுகிறவர் கேட்பதுபோல இருந்தது. ஒரு கட்டத்தில் என் மணிக்கட்டையே பிடித்துவிட்டார்.

"நாடி என்ன இந்த ஓட்டம் ஓடுது?"

"ஒண்ணுமில்லக்கா. வெயிலு."

அவர் கண் என் கையைப் பார்த்தது. கை இடுப்பில் இருந்தது. சட்டைக்கு அடியில் ஒரு புடைப்பு இருந்தது. அக்காவின் முகம் மாறியது. குரலைத் தாழ்த்தி, மிகவும் கனிவாகக் கேட்டார்.

"தம்பி, பாரம் தூக்குத வேலையா பாக்கீய?"

"ஏ.சி. தூக்கணும்க்கா. மாடிக்கெல்லாம் தூக்கிட்டுப் போவேன்" என்றேன் பெருமையாக. தைரியத்தோடு பலத்தையும் காட்டிவிடலாமே.

"இருமும்போது வலிக்குதா?"

அப்போதும் எனக்கு விளங்கவில்லை. அக்கா எழுந்து அண்ணாச்சியைத் தள்ளிக் கூட்டிப்போனார். காற்று என் பக்கமாக வீசியதால் பேச்சு தெளிவாகவே கேட்டது.

"ஏங்க, பையனுக்குக் கொடலெறக்கம் இருக்கு. மறைக்காரு. சொல்லாமக் கொள்ளாமக் கட்டி வச்சுரலாம்னு பாக்காங்க போல. நான் ஸ்டெல்லாட்ட என்ன சொல்ல?"

சாது என்று தள்ளினார்கள், பொறுத்துக்கொண்டேன். இப்போது நோயாளி என்று தள்ளப் போகிறார்கள். பர்சில் ஸ்டெல்லா சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தாள். எழுந்து போய் உண்மையைச் சொல்லியிருந்தால் முடிந்திருக்கும். ஆனால் உண்மை என்ன? 'குடலிறக்கம் இல்லை அக்கா, ரிவால்வர்தான்' என்றா சொல்வது?

செயலில் காட்டிவிடுவோம் என்று முடிவு செய்தேன். அந்த நேரத்தில் அண்ணாச்சி கரி அடுப்பின் முன் குத்தவைத்துத் தீக்குச்சிகளை ஒவ்வொன்றாகக் காற்றுக்குப் பலி கொடுத்துக்கொண்டிருந்தார்.

"தள்ளுங்க அண்ணாச்சி" என்றேன். சட்டையை விலக்கினேன். உருவினேன். காலை அகட்டினேன். இரண்டு புருவங்களையும் தூக்கினேன். கரியைப் பார்த்து விசையை இழுத்தேன்.

டிக்.

மறுபடி இழுத்தேன். டிக். டிக். டிக். புகைகூட வரவில்லை. அண்ணாச்சி இரண்டு கையாலும் தலையைப் பொத்திக்கொண்டு மணலில் கவிழ்ந்து கிடந்தார். பக்கத்துப் பாயில் பிரியாணி சாப்பிட்டுக்கொண்டிருந்த குடும்பம் சட்டியோடு எழுந்து நடையைக் கட்டியது. அக்கா ஐஸ்பெட்டியில் மீனை எடுத்துக்கொண்டிருந்ததால் எதையும் பார்க்கவில்லை. அவர் திரும்புவதற்குள் அவசரமாக அதை மறுபடி இடுப்பிலேயே சொருகிவிட்டேன்.

"என்ன சத்தம்?" என்றார் அக்கா.

"தீப்பெட்டி" என்றார் அண்ணாச்சி, மணலிலிருந்து. அந்த ஒரு சொல்லுக்காக அவருக்கு நான் ஆயுள் முழுக்கக் கடமைப்பட்டவன்.

கொஞ்ச நேரத்தில் போலீஸ் வண்டி வந்தது. பிரியாணிக் குடும்பத்தின் தலைவர் வண்டிக்குள்ளிருந்து என்னை நோக்கிக் கை நீட்டினார். ஒரு போலீஸ்காரர் இறங்கி நடந்து வந்தார். இளம் வயது, மடிப்புக் கலையாத சீருடை. கையைத் தூக்கு என்று அவர் சொல்லவில்லை. சொல்வதற்கு முன்பே நான் தூக்கியிருந்தேன். வானம் பார்த்து, முழு நீளத்துக்கு. கையோடு சேர்ந்து சட்டையும் மேலே போனது.

கறுப்புப் பிடி ஊருக்கே தெரிந்தது. போலீஸ்காரரின் கை அவர் இடுப்புக்குப் போனது.

அந்த அமைதியில் அக்காவின் குரல் கேட்டது. "அப்ப கொடலெறக்கம் இல்லியா?"

அதில் இருந்த சந்தோஷத்தை என் காது இன்னும் மறக்கவில்லை.

"ஷூ ஹாதா?" என்றார் போலீஸ்காரர். இது என்ன என்று அர்த்தம். எனக்குப் பேசத் தெரிந்த அரபி யல்லா (கெளம்பு), கலாஸ் (தீந்துச்சு), மாஃபி (இல்ல) மூன்றுதான். மூன்றையும் சொன்னேன். அவர் இந்திக்கு மாறி, அதை இரண்டு விரலால் எடுத்து மணலில் போடச் சொன்னார். போட்டேன். "லைட்டர், சார், லைட்டர்" என்றேன். குரல் கொசுவின் குரலாக வந்தது. அவர் அதை எடுத்துக் கடல் பக்கம் நீட்டி விசையை இழுத்தார். டிக்.

"லைட்டரா?"

"கேஸ் கலாஸ். ரூம்ல பிராக்டீஸ் பண்ணி கேஸ் கலாஸ்."

"என்ன பிராக்டீஸ்? எதுக்கு?"

வேலை போகும், விசா போகும், ஊருக்கு அனுப்புவார்கள், விமான நிலையத்தில் அம்மாவிடம் என்ன சொல்வது என்றெல்லாம் அந்த ஒரு நொடியில் ஓடியது. உண்மையைத் தவிர வேறெதுவும் வாயில் வரவில்லை.

"ஷாதி கே லியே" என்றேன். கல்யாணத்துக்காக.

போலீஸ்காரர் புரியாமல் அக்காவைப் பார்த்தார். அக்கா கையில் மீனோடு முன்னால் வந்தார். பிறகு மருத்துவமனை அரபியில், சொன்ன பேச்சுக் கேட்காத நோயாளியை அதட்டும் அதே தொனியில் என்னென்னவோ சொன்னார். நடுநடுவே மீனால் என் முகத்தைச் சுட்டிக்காட்டினார். போலீஸ்காரர் என் முகத்தை உற்றுப் பார்த்தார். பார்க்கப் பார்க்க அவர் உதடு துடித்தது. ரிவால்வரைத் திருப்பி, பிடிக்கு அடியில் கேஸ் ஏற்றும் துளையை விரலால் தடவி, மூக்கருகே வைத்து மோந்தார். அவ்வளவுதான், மனிதர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

அவர் என்னை விடவில்லை என்றும் சொல்ல முடியாது, சும்மா விட்டார் என்றும் சொல்ல முடியாது. இனி இப்படி எதையும் இடுப்பில் வைத்துக்கொண்டு ஊருக்குள் திரியக்கூடாது, உண்மையென்று நினைத்து யாராவது சுட்டால் என்ன செய்வாய் என்று இந்தியில் நன்றாகவே டோஸ் விட்டார். ரிவால்வரை எடுத்துக்கொண்டார். தன் பையிலிருந்து சாதாரண பிளாஸ்டிக் லைட்டரை எடுத்து, குனிந்து, உள்ளங்கையால் காற்றை மறைத்து எங்கள் கரியைப் பற்ற வைத்தார். போகும்போது என் கையைக் குலுக்கி, "மப்ரூக்" என்றார்.

அப்படியே மணலில் உட்கார்ந்தேன். சம்மணம் போட்டு, எதுவும் குத்தாமல். அப்படியொரு சுகத்தை அதற்கு முன்னும் பின்னும் நான் அனுபவித்ததில்லை.

"எதுக்கு அண்ணாச்சி வாழ்த்து சொல்லிட்டுப் போறாரு?" என்றேன்.

அண்ணாச்சி அக்காவையே பார்த்துக்கொண்டிருந்தார். "இவ போலீஸ்ட்ட என்ன சொன்னா தெரியுமா தம்பி? இவன் எந்தங்கச்சியக் கட்டிக்கிடப் போறவன், கல்யாணம் நிச்சயமாயிட்டு, எங்க முன்னால வீரங்காட்டணும்னு இத வாங்கிட்டு வந்திருக்கான், இந்த மூஞ்சி நெசத் துப்பாக்கி வைக்கிற மூஞ்சியா, நீங்களே பாருங்கன்னா." பிறகு அக்காவிடம் திரும்பினார். "நாம இன்னும் முடிவே பண்ணலியே, ஜெசி."

அக்கா மீனைத் திருப்பிப் போட்டார். "போலீஸ்ட்டப் பொய் சொல்ல முடியுமா? சொல்லியாச்சு. இனிமக் கட்டித்தான் வைக்கணும்."

இப்படியாக எங்கள் கல்யாணம் நிச்சயமானது. ஸ்டெல்லாவிடம் யாராவது காதல் கல்யாணமா, பேசி முடித்ததா என்று கேட்டால், "போலீஸ் பண்ணி வச்சது" என்பாள். வீட்டில் அடுப்புப் பற்ற வைக்கும் லைட்டர் டிக் டிக் என்றால் போதும், அடுக்களையிலிருந்து, "ஏங்க, கையத் தூக்குங்க" என்று குரல் வரும். நானும் தூக்குவேன்.

போன வருஷம் எனக்கு அடிவயிற்றில் நிஜமாகவே ஒரு புடைப்பு தெரிந்தது. டாக்டர் அழுத்திப் பார்த்து, இருமச் சொல்லி, குடலிறக்கம் என்றார், ஆபரேஷன் செய்யவேண்டும் என்றார். பயந்துபோன ஸ்டெல்லா முதலில் தன் அக்காவுக்குத்தான் போன் போட்டாள். ஸ்பீக்கரில் நானும் கேட்டுக்கொண்டிருந்தேன். இத்தனை வருஷம் நர்ஸாக இருந்த ஜெசிந்தா அக்கா எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்:

"எதுக்கும் சட்டையத் தூக்கி இன்னொரு தரம் நல்லாப் பாரு, ஸ்டெல்லா. ரிவால்வராத்தான் இருக்கும்."