பால்மா முடிந்த அன்று

இங்கிலிஷில் தெரியாத சொல்லால் நான் ஒருநாளும் அவமானப்பட்டதில்லை. தெரியாவிட்டால் வாயை மூடிக்கொண்டிருப்பேன். என்னைக் கவிழ்த்தது நன்றாகத் தெரிந்த ஒரு சொல்: 'ரன்'.

அப்போது எனக்குப் பத்தொன்பது வயது. சண்டைக்கு அஞ்சி வந்த சனம் ஓலைத்தொடுவாய்க் கடற்கரையில் கொட்டில் போட்டு இருந்தது. குழந்தைகளைப் பார்த்துப் பால்மா கொடுக்க ஒரு வெள்ளைக்கார டொக்டர் அம்மா வந்தார். மொழிபெயர்க்க என்னைக் கூப்பிட்டார் முகாமைக் கவனித்த சிஸ்டர். பரீட்சையில் இங்கிலிஷுக்கு எனக்கு நல்ல புள்ளி. (புள்ளி மட்டும்தான்!) கடலுக்குப் போகத் தடை என்பதால் அப்பா வீட்டில் இருந்தார். இந்த வேலை நிலைத்தால்தான் அடுப்பு எரியும்.

காலையில் எல்லாம் அமோகம். பிள்ளைக்கு மூக்கு ரன் பண்ணுகிறதா என்றார் டொக்டர். "மூக்கு ஓடுதோ?" என்றேன். ஓடியது. குழாய் ரன் பண்ணுகிறதா என்றார். அதுவும் ஓடியது. இந்த முகாமை ரன் பண்ணுவது யார் என்றார். நான் கூட்டத்தைப் பார்த்து, "இஞ்ச ஓடுறது ஆர்?" என்று கேட்டேன்.

ஒரு கிழவர் சொன்னார்: "எல்லாரும் ஓடித்தானே பிள்ளை வந்தனாங்கள்."

அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

மத்தியானம், வரிசை இன்னும் நீளமாக நின்றபோது, டொக்டர் பால்மாப் பெட்டிக்குள் எட்டிப் பார்த்தார். முகம் வாடிப்போய் என்னிடம் வந்து, "வீ ஹாவ் ரன் அவுட். டெல் தெம்" என்றார்.

ரன் என்றால் ஓடு. அவுட் என்றால் வெளியே. ஏதோ ஆபத்துச் செய்தி வந்திருக்கிறது! ஒலிபெருக்கியைத் தூக்கி அலறினேன்.

"எல்லாரும் வெளியில ஓடுங்கோ!"

அந்தக் காலத்துச் சனத்துக்கு இதை இரண்டாம் தரம் சொல்லத் தேவையில்லை. கண் மூடித் திறக்குமுன் கடற்கரை வெறுமையாகிவிட்டது. சனம் ஓடுவதைக் கண்டு டொக்டரும் ஓடினார். டொக்டரே ஓடுகிறாரே என்று நானும் ஓடினேன். எல்லாரும் குண்டுக்குப் பதுங்க வெட்டிய ஒரே பங்கருக்குள் விழுந்தோம்.

"ஏன் ஓடுகிறோம்?" என்று மூச்சிரைக்கக் கேட்டார் டொக்டர்.

"நீங்கள்தானே சொன்னீர்கள்!" என்றேன், உடைந்த இங்கிலிஷில்.

வெறும் பால்மாப் பெட்டியோடு பங்கர் வாசலில் வந்து நின்றார் சிஸ்டர். "பிள்ளை, மா முடிஞ்சுதெண்டு சொல்லச் சொன்னவ. நீ முகாமையே முடிச்சுப்போட்டாய்!"

வேலை போய்விட்டது, அடியும் விழப்போகிறது என்று நினைத்துக் கண்ணை இறுக்க மூடினேன். அப்போது ஒரு தாய் மடியில் இருந்த குழந்தையின் முகத்தைப் பார்த்துவிட்டு, "ஐயோ மாதாவே, இது என்ரை பிள்ளையில்லை!" என்று கத்தினாள். மூலையில் இருந்த இன்னொருத்தி, "உன்ரை இஞ்ச இருக்கு, நித்திரை கொள்ளுது" என்றாள்.

யார் முதலில் சிரித்தது என்று தெரியாது. பங்கரே குலுங்கியது. டொக்டர் கண்ணைத் துடைத்துத் துடைத்துச் சிரித்தார். பின்னேரமே வேறு இடத்திலிருந்து பால்மாவும் வந்தது.

வேலை போகவில்லை. ஆனால், நான் ஒலிபெருக்கியைத் தொட்டாலே டொக்டர் சிஸ்டரைத் திரும்பிப் பார்க்கத் தொடங்கினார்.

என்னைக் கட்டிய மனிசன் அன்று அங்கே இருக்கவே இல்லை. ஆனாலும் கதையை என்னைவிட நன்றாகச் சொல்வார். இன்றைக்கும் டிவியில் கிரிக்கெட் பார்க்கும்போது யாராவது ரன் அவுட் ஆனால் போதும், தேத்தண்ணிக் கோப்பையோடு கதிரையை விட்டு எழும்பி, "பிள்ளையள், அம்மா சொல்லிப்போட்டா, வெளிக்கிடுங்கோ!" என்பார். முழுக் குடும்பமும் கூச்சல் போட்டுக்கொண்டு முற்றத்துக்கு ஓடும்.

நானும்தான்.