ஏழு ஸ்ட்ரிப்பும் ஏழு பாக்கெட் சிப்ஸும்

மகள் பேர் எந்தச் சர்க்கரை நோய்ப் பதிவேட்டிலும் ஏறக்கூடாது. ஏற விடமாட்டான். இராஜாக்கமங்கலம் ஜங்ஷனில் வாழைக்குலைக் கடை வைத்திருக்கும் பகவதியப்பன் கடைத்தராசின் மேல் கைவைத்து இப்படி ஒரு சபதம் எடுத்தான். அந்தத் தராசின் மேல் அவன் செய்த சத்தியம் எதுவும் அதுவரை தேறினதில்லை. அதை அவன் யோசிக்கவில்லை.

விஷயம் இதுதான். ஆரம்ப சுகாதார நிலையத்தில் பிள்ளைகளின் எடையைக் குறைக்கப் புதிதாக ஒரு திட்டம் தொடங்கியிருந்தார்கள். வாரம் ஒரு நாள் எடை பார்ப்பார்கள், தட்டில் என்ன விழுகிறது என்று கேட்பார்கள், ஓடவிடுவார்கள். ஐந்தாம் வகுப்பு அஸ்வதி ஐம்பத்திரண்டு கிலோ. அவன் கடை ஏத்தன் வாழைக்குலையில் நல்லதாக மூன்றைச் சேர்த்து நிறுத்தால் வரும் எடை. அதோடு கழுத்தைச் சுற்றி ஒரு கறுப்பு. ஒரு வருஷமாக அவன் மனைவி சண்முகவடிவு அதை அழுக்கென்று நினைத்துத் தேங்காய் நாரால் தேய்த்தாள். பிள்ளை அழும், தோல் சிவக்கும், கறுப்பு மட்டும் போகாது. அங்கே நர்ஸ் தேவகனி பார்த்ததும் சொல்லிவிட்டாள், இது அழுக்கில்லை, சர்க்கரை வருவதற்கு முன்னால் வருகிற கறுப்பு என்று. அன்றைக்கு வீட்டுக்கு வந்து நாரை அடுப்பில் போட்டாள் சண்முகவடிவு. மகள் கழுத்தில் எண்ணெய் தடவிக்கொண்டே அழுதாள்.

பகவதியப்பனுக்குச் சர்க்கரை என்ற பேச்சே ஆகாது. அவன் அப்பாவுக்கு முதலில் கால்விரலை எடுத்தார்கள், பிறகு பாதத்தை, பிறகு முட்டுக்குக் கீழே. மிச்சமிருந்த ஆள் ஆறு மாதம் கிடந்து போய்ச்சேர்ந்தார். வெட்டின காலைப் பொதியாகக் கையில் வாங்கிக் கொண்டுபோய்ப் புதைத்தவன் பகவதியப்பன். அன்றையிலிருந்து யாரிடமும் ரத்தத்துக்கு விரலை நீட்டினதில்லை. ஒருதரம் பாருங்களேன் என்று ஆறு வருஷமாகச் சண்முகவடிவு கேட்கிறாள். நான் ஈர்க்குச்சி, தடியனுக்குத்தான் சுகர் வரும் என்பான். பெல்ட்டில் இந்த வருஷம் மட்டும் இரண்டு ஓட்டை உள்ளே போயிருப்பதைப் பெருமையாகக் காட்டுவான். கக்கூசில் எறும்பு மொய்க்கிறது என்று அவள் சொன்னபோது எறும்புப்பொடி வாங்கிவந்து போட்டான்.

“அது சுகாதார நிலையமில்லட்டீ, சுகருக்கு ஆதாரம் தேடுத நிலையம்,” என்றான். “பொட்டப்பிள்ள பேரு அதுல ஏறினா நாளைக்கு எவன் கெட்டுவான்?”

“பிள்ள இருந்தால்லா கெட்டுகதுக்கு,” என்றாள் அவள்.

அவன் படிவத்தை வாங்கி மகளைத் திட்டத்தில் சேர்த்துவிட்டான். ஒவ்வொரு பிள்ளையையும் வாராவாரம் கூட்டிவர ஒரு பொறுப்பாளர் வேண்டுமாம். படிவத்தில் அதற்கென்று இருந்த கட்டத்தில் கடைப் பெயர்ப்பலகை அளவுக்கு ஒரு கையெழுத்துப் போட்டான்.

மறுநாள் சண்முகவடிவு சுகர் பார்க்கும் ஒரு சின்ன மெஷினும் ஏழு ஸ்ட்ரிப்பும் கொண்டுவந்தாள். சென்டரில் கொடுத்தார்களாம். ஏழு நாள் வெறும் வயிற்றில் பிள்ளை விரலில் குத்தி, வருகிற எண்ணை அட்டையில் எழுத வேண்டுமாம். ரத்தம் பட்ட ஸ்ட்ரிப்பையும் திருப்பிக் கொடுக்க வேண்டுமாம். எனக்குக் கை நடுங்கும், பொறுப்பாளர் நீங்கதானே என்று சொல்லிவிட்டு அடுக்களைக்குள் போய்விட்டாள்.

எறும்பு கடிச்ச மாதிரிதான் மக்ளே என்று ஊசியை எடுத்தான். அஸ்வதி விரலை நீட்டிக் கண்ணை மூடிக்கொண்டாள். அந்தக் குட்டி விரலைப் பார்த்ததும் அப்பாவின் கால்விரல் நினைவுக்கு வந்தது. அவனால் முடியவில்லை. அப்போதுதான் மூளை வேலை செய்தது. ரத்தத்தில் பேரா எழுதியிருக்கிறது? ஈர்க்குச்சி ரத்தம் நல்ல ரத்தம். தன் விரலிலேயே குத்திக்கொண்டான். அம்மாட்ட சொல்லப்பிடாது என்று ஒரு பாக்கெட் ஏத்தங்காய் சிப்ஸை மகள் கையில் திணித்தான். எடை குறைக்கும் திட்டத்தின் முதல் நாள் அது.

மெஷின் 286 காட்டியது.

தலைகீழாகப் பிடித்தான். 982 என்றது. நேராகவே வைத்துக்கொண்டான்.

அட்டையில் 92 என்று எழுதி மெஷினை அணைத்தான். அணைத்தால் அது மறந்துவிடும் என்று நினைத்தான். பிறகு பழத்தைத் தொடவில்லை. மறுநாள் 271. பாகற்காயை அரைத்துக் குடித்தான். 290. நாலாம் நாள் பிள்ளையை நடத்தணும் என்று சாக்குச் சொல்லி மகளோடு கடற்கரைவரை நடந்துவிட்டு வந்து குத்தினான். 264. தினமும் இன்றைக்குக் குறையும் என்று நம்பித்தான் குத்தினான். அட்டையில் 95, 90, 93 என்று எழுதினான். தினமும் மகளுக்கு ஒரு பாக்கெட் சிப்ஸ். கடையில் ஆள் இல்லாத நேரம் செருப்பைக் கழற்றிக் கால்விரல்களை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தான். இடது சுண்டுவிரலைத் தொட்டது தெரியவில்லை. அன்றைக்கு அவன் வியாபாரம் பார்க்கவில்லை. பொண்டாட்டியிடம் சொல்லலாம் என்றால், உங்களுக்கெப்படித் தெரியும் என்றுதான் முதலில் கேட்பாள்.

எட்டாம் நாள் மூன்று பேரும் சென்டருக்குப் போனார்கள். அட்டையை நீட்டினான். தேவகனி அதைத் தொடவில்லை. மெஷினில் ஒரு பொத்தானை அமுக்கினாள். ஏழு நாளையும் அது தேதி, நேரத்தோடு ஒப்பித்தது.

பகவதியப்பன் மெஷினை உள்ளங்கையால் மூடினான். “பிள்ள பேருல எழுதிராதீங்க சிஸ்டர்,” என்றான். “அது எனக்க ரத்தம்.”

“தெரியும்,” என்றாள் சண்முகவடிவு. “பிள்ளைக்கு முதல் நாளே இங்க எடுத்தாச்சு. அவளுக்கு இன்னும் சுகர் வரல்ல. எடை குறைஞ்சா வராமப் பாத்துக்கிடலாம். மெஷினு எனக்க தம்பி மஸ்கட்லேருந்து உங்களுக்குன்னு குடுத்துவிட்டது.”

“நான் பிள்ளைக்குக் குத்தியிருந்தா?”

“உங்களால ஆகாது. மாமாவுக்க வெட்டின கால நீங்க சுமந்துட்டுப் போனத நான் பாத்தேன்லா.” என்றாள் அவள். “உங்களுக்குச் சுகர்னு எறும்பு வந்து சொல்லிச்சு. நீங்க பொடி போட்டிய.”

அஸ்வதி பள்ளிக்கூடப் பையைத் திறந்து ஏழு சிப்ஸ் பாக்கெட்டையும் மேசையில் அடுக்கினாள். ஆறு பிரிக்காதது. ஒன்று காலி. அது முதல் நாளுள்ளது, அன்னைக்கு அம்மா திங்கப்பிடாதுன்னு சொல்லியிருக்கல்ல என்றாள்.

தேவகனி அவன் காலைத் தூக்கிப் பார்த்தாள். இப்பவாவது வந்தீங்களே என்றாள். பகவதியப்பன் அழுதான். அவள் அது முடியட்டும் என்று இருந்துவிட்டுப் புது அட்டை ஒன்றை எடுத்து அவன் பேரை எழுதினாள். வாராவாரம் வர வேண்டும், கூட்டிவர ஒரு பொறுப்பாளர் வேண்டும் என்றாள்.

நானே வந்துருவேன் என்றான் அவன். யாரும் அதைக் காதில் வாங்கவில்லை. தேவகனி அட்டையை மேசையின் அந்தப் பக்கம் நகர்த்தினாள். கட்டம் நிறைய, நாக்கைக் கடித்துக்கொண்டு, பொறுப்பாளர் கையெழுத்துப் போட்டார்: ப. அஸ்வதி, ஐந்தாம் வகுப்பு, ‘பி’ பிரிவு.