அம்மிக் குழவி இளைத்த வெள்ளிக்கிழமை

கொருக்குப்பேட்டை ரயில்வே கேட் மூடியிருந்தால் ஆம்புலன்ஸ்கூட நிற்கும். லகிமானந்த சுவாமிகளின் பக்தர்கள் மட்டும் நிற்க மாட்டார்கள். குனிந்து, நுழைந்து, தண்டவாளத்தைத் தாண்டி ஓடுவார்கள். உடம்பு பெருத்துவிட்டது, குனியவே முடியவில்லை என்று சுவாமியிடம் முறையிடப் போகிற கூட்டம்தான் அது.

கூட்ஸ் யார்டை ஒட்டிய பழைய கிடங்குதான் ஆசிரமம். சுவாமியின் உபதேசம் ரொம்ப எளிது. பிரியாணி தின்னலாம், பரோட்டா தின்னலாம், பஜ்ஜியை எண்ணாமல் தின்னலாம். அதற்கு முன்னால் சுவாமி விற்கிற இளைப்புத் திருநீற்றை ஒரு சிட்டிகை வாயில் போட்டுக்கொண்டால் போதும், கொழுப்பு ஆவியாகிவிடும். இப்படிச் சொல்கிற சாமியை எந்த ஊர் கைவிடும்? கீரை தின்னச் சொல்கிற டாக்டர்தான் பாவம், ஈ ஓட்டிக்கொண்டிருந்தார்.

நம்பாதவர்களுக்கென்று ஒரு எலக்ட்ரானிக் எடை மெஷின் இருந்தது. பக்தர் ஏறி நிற்பார். எடையை மைக்கில் சொல்வார்கள். அவர் இறங்கியதும் எண் தெரிகிற இடத்தை மஞ்சள் பட்டால் மூடுவார்கள். பிறகு மெஷினுக்குச் சுத்தி பூஜை. சீடன் மணி தண்ணீர் நிரம்பிய சின்னப் பித்தளைக் குடத்தை அதன் மேல் வைப்பான், மெஷினைப் பயபக்தியோடு தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வான், குடத்தை எடுத்துவிடுவான். பக்தர் திருநீற்றை விழுங்கிவிட்டு மறுபடி ஏறுவார். பட்டை விலக்கினால் மூன்று கிலோ குறைந்திருக்கும். அடுத்த வாரம் அந்த மூன்று கிலோவும் துணைக்கு இன்னொரு கிலோவைக் கூட்டிக்கொண்டு திரும்பி வந்திருக்கும். அது பக்கத்து வீட்டுக் கண்ணேறு என்பார் சுவாமி. இன்னொரு பொட்டலம் விற்கும்.

வியாசர்பாடி ஹவுசிங் போர்டிலிருந்து போய்வந்த பக்தர்களில் பீம்ராவ் ஒருவன். துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவன். உடம்பில் சர்க்கரை ஏறியிருந்தது, எடையும் கூடியிருந்தது. மருத்துவப் பரிசோதனையில் தேறாவிட்டால் கிரேனிலிருந்து இறக்கிவிடுவார்கள். அதற்காகவே அவன் மனைவி ரமாபாய் அடுப்பங்கரையை மாற்றியிருந்தாள். மலிவாகக் கிடைக்கிற மத்தி மீனைப் பொரிக்காமல் குழம்பு வைப்பாள். தட்டில் பாதிக்குச் சுரைக்காய்க் கூட்டோ முருங்கைக்கீரையோ இருக்கும், சோறு ஓரமாக ஒரு கைப்பிடி. மாலையில் பசித்தால் கொள்ளுச் சுண்டல். வயிறும் நிறைந்தது, செலவும் கையைக் கடிக்கவில்லை, பெல்ட்டிலும் ஓர் ஓட்டை உள்ளே போயிருந்தது.

அந்த நேரத்தில்தான் எதிர்வீட்டுக் கெங்கம்மா சுவாமியின் புகழைக் கொண்டுவந்து கொட்டினாள். பீம்ராவ் ஒரு வெள்ளிக்கிழமை போனான். மூன்று கிலோ குறைந்து திரும்பியவன் சுரைக்காயைப் பார்த்துச் சிரித்தான். பிரியாணிப் பொட்டலம் வீட்டுக்கு வர ஆரம்பித்தது. பெல்ட் பழைய ஓட்டைக்குத் திரும்பியது, அதையும் தாண்டியது. பேன்ட் துணி சுருங்கிவிட்டதென்று அவன் தையல்காரனைத் திட்டினான்.

அதுவரை ரமாபாய் பொறுத்தாள். ஆனால் மாத்திரையோடு சேர்ந்தால் திருநீற்றின் சக்தி போய்விடும் என்று சுவாமி சொன்னாராம்; இவன் சர்க்கரை மாத்திரையை நிறுத்திவிட்டான். ஒரு நாள் கிரேன் உச்சியில் கண் இருட்டிக்கொண்டு வந்தது. கீழே ஆட்கள் நின்றிருக்க, கன்டெய்னர் அந்தரத்தில் ஆடியது. எப்படியோ அதைக் கப்பலிலேயே இறக்கி வைத்துவிட்டு, வீட்டுக்கு வந்து உட்கார்ந்தான்.

ரமாபாய் அவனைத் திட்டவில்லை. மாத்திரையை எடுத்துக் கையில் வைத்தாள். அவன் விழுங்கும்வரை எதிரிலேயே நின்றாள். வெள்ளிக்கிழமை வந்ததும் அம்மிக் குழவியைக் கட்டைப்பையில் போட்டுக்கொண்டு புறப்பட்டாள். பீம்ராவ் பின்னால் போனான்.

சுவாமி மைக்கில் முழங்கிக்கொண்டிருந்தார்: கல்லுக்குக் கொழுப்பு இருந்தால் அதையும் கரைப்பேன்.

ரமாபாய் குழவியோடு மேடையேறினாள்.

"இந்தக் கல்லு எளைக்கணும் சாமி. தூக்கி அரைக்க முடியல."

கூட்டம் சிரித்தது. சுவாமி ஒரு கணம் யோசித்தார். கல்லே இளைத்தது என்ற பேர் எண்ணூர் வரைக்கும் போகுமே என்ற ஆசை அவர் முகத்தில் மினுமினுத்தது. தலையாட்டினார். குழவியை நிறுத்தார்கள், ஏழு கிலோ. பட்டு மூடியது, குடம் ஏறியது, மணி தொட்டுக் கும்பிட்டான், குடம் இறங்கியது. குழவியின் மேல் சுவாமியே திருநீறு தூவி, மறுபடி மெஷினில் வைத்தார். பட்டை விலக்கினார்.

நாலு கிலோ.

கிடங்கே அதிர்ந்தது. கெங்கம்மா விழுந்து கும்பிட்டாள். பிரியாணியே தின்னாத கல்லுக்குக் கொழுப்பு எங்கிருந்து வந்தது என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. தோன்றுகிறவர்கள் அந்தக் கேட்டைத் தாண்டியிருக்கவே மாட்டார்கள்.

ரமாபாய் குழவியைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். மணி அவசரமாகப் பட்டை இழுக்க, அதைக் கையால் தடுத்தாள்.

"மெசின் மேல இப்ப ஒண்ணியும் இல்ல. இன்னா காட்டுதுன்னு அந்த மைக்ல சொல்லு சாமி."

சுவாமி மைக்கைக் கீழே வைத்தார். முன்வரிசையில் இருந்த பீம்ராவ் எழுந்து வந்து எட்டிப் பார்த்தான்.

"மைனஸ் மூணு," என்று படித்தான். இன்னொரு முறையும் படித்தான், இந்த முறை தனக்காக.

காலி மெஷினில் காற்றும் மூன்று கிலோ இளைத்திருந்தது. கல்லின் கொழுப்பு மெஷினில் ஒட்டிக்கொண்டு விட்டது என்று சுவாமி முனகிப் பார்த்தார். ரமாபாய் அந்தக் குடத்தைக் காட்டினாள். காய்கறிக்காரர் காலிக்கூடையைத் தராசில் வைத்து ஒரு பட்டனை அமுக்குகிறார், கூடையின் எடை கழிந்துவிடுகிறது. கூடை இருந்த இடத்தில் இங்கே குடம், அவ்வளவுதான் என்றாள். மணி கும்பிடுகிற சாக்கில் அமுக்கியது அந்தப் பட்டனைத்தான். அவனைப் பிடித்து உலுக்கியதில், திருநீறு என்பது அடுப்புச் சாம்பலும் கற்பூரமும் என்பதும் வெளியே வந்தது. சுவாமி காவியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு தண்டவாளத்தின் மேல் ஓடினார். உடம்பை லேசாக்குகிற சக்தி படைத்தவர் பத்தடிக்குள் மூச்சிரைத்து நின்றதால், போலீசுக்கு வேலை சுலபமாயிற்று.

பீம்ராவ் அந்த முறை பரிசோதனையில் தேறவில்லை. சில மாதம் தரையில் நின்று அடுத்தவன் ஓட்டுகிற கிரேனை அண்ணாந்து பார்த்தான். மாத்திரையும் மத்திக் குழம்பும் கீரையும் மேளதாளம் இல்லாமல் தங்கள் வேலையைச் செய்தன. அடுத்த பரிசோதனையில் தேறி மறுபடி மேலே ஏறினான்.

கெங்கம்மாவுக்குத்தான் மனம் ஆறவில்லை. ஒரு நாள் ரமாபாயின் வாசலில் வந்து நின்று கேட்டாள்:

"ஏண்டி, வாரா வாரம் கொறைச்சேனே, அந்த எடையெல்லாம் எங்கடி போச்சு?"

"எங்கயும் போவல யக்கா. எல்லாம் உங்கிட்டயேதான் பத்திரமா கீது. கழுத்துக்கு மேல ஒரு நாலஞ்சு கிலோ கீது பாரு, அத்த மட்டும் சும்மா தூக்கிகினு திரியாத. கொஞ்சம் வேலை வாங்கு."