குமிழ்க்கால் கிண்ணம்

நெருப்பைக் கண்டுபிடித்தவருக்குப் பிறகு மனித குலத்துக்கு ஆகப் பெரிய தொண்டு செய்து வருகிறவர்கள், பழைய ஐரோப்பிய அச்சுக் கண்ணாடிச் சாமானைத் தலைகீழாகப் பிடித்துப் பார்த்து, அது எந்தத் தொழிற்சாலையில் பிறந்தது, அதன் வடிவத்துக்கு என்ன பெயர் என்று சொல்லிவிடுகிறவர்கள்தாம். கண்ணாடிக் குழம்பை இரும்பு அச்சில் ஊற்றி அமுக்கிய அந்தக் கால முதலாளிகள் பலர், அடியில் பெயர் போடாமலே போய்ச் சேர்ந்துவிட்டார்கள். போதாததற்கு ஒருவர் வடிவத்தை இன்னொருவர் காப்பியடித்தார். ஆகவே இந்தத் தொண்டுக்கு முடிவே கிடையாது.

இத்தகைய தொண்டர் ஒருவருக்குத்தான் அவள் வாழ்க்கைப்பட்டிருந்தாள். கணவர் அச்சுக் கண்ணாடி ஆய்வு வட்டத்தின் செயலாளர். வீட்டில் ஒரே சட்டம்: 'இனம் காணப்பட்ட' சாமான் அலமாரிக்குள் போகும், அலமாரி பூட்டப்படும். இனம் காணப்பட்ட டம்ளரில் தண்ணீர் குடிப்பது வரலாற்றுக்கு எதிரான குற்றம். எனவே குடும்பம் பிளாஸ்டிக் டம்ளரில் குடித்தது.

"நம்மள எப்பம்மா இனம் காணுவாங்க?" என்று மகள் ஒருநாள் கேட்டாள்.

"வாயை மூடு. கண்டுபிடிச்சா உன்னையும் உள்ள வச்சுப் பூட்டிருவார்."

அலமாரியின் நடுநாயகம் ஒரு குமிழ்க்கால் கிண்ணம். இளமஞ்சள் பச்சை. பழைய சாமான் கடையில் ஒரு பெட்டி நிறைய வாங்கியதில் வந்தது. உலகில் இதற்கு ஜோடியே இல்லை என்று முடிவுகட்டியவர் வட்டத்தின் தலைவர். தமது நூலில் இதற்கென்று ஓர் அத்தியாயமே ஒதுக்கியிருந்தார். கிண்ணத்தின் கால் உருண்டையானதால் அது நேராக நிற்காது. அதற்குத் தலைவர் 'திட்டமிட்ட சாய்வு' என்று பெயர் சூட்டினார். பழைய சாமான் என்றால் புழங்கிப் புழங்கி அடியில் கீறல் விழுந்திருக்க வேண்டும். இதிலோ காலில் கீறலே இல்லை, விளிம்பில்தான் கீறல். தலைவர் அசரவில்லை. 'அக்கால ஐரோப்பியர் சுத்தம் கருதிக் கிண்ணங்களைக் கவிழ்த்தே வைத்தனர்' என்று எழுதினார். வட்டம் கைதட்டியது.

அவளுக்கு உண்மை தெரியும். அதே பெட்டியில், வேறொரு காகிதச் சுருளில், அதே நிறத்தில் ஒரு வட்டக் கண்ணாடித் தட்டும் இருந்தது. அதை அவள் குளியலறையில் சோப்பு வைக்க எடுத்துக்கொண்டாள். ஒருநாள் கணவர் துடைக்கச் சொல்லிக் கொடுத்த கிண்ணத்தைக் கவிழ்த்துத் தட்டின்மேல் வைத்துப் பார்த்தாள். கச்சிதம். கிண்ணம் கிண்ணமல்ல, அந்தத் தட்டின் மூடி. கால் காலல்ல, மூடியின் பிடி.

சொல்லவில்லை. சொன்னால் தட்டும் அலமாரிக்குள் போய்விடும். அந்த வீட்டில் அவள் கை தொட்டுப் புழங்கிய கண்ணாடி அது ஒன்றுதான்.

நூலின் இரண்டாம் பதிப்பு அச்சுக்குப் போகுமுன் கிண்ணத்தைக் கடைசியாக ஒருமுறை பார்க்கத் தலைவர் வீட்டுக்கு எழுந்தருளினார். அட்டைப்படமே அதுதான். பார்த்தார், சாய்வை மெச்சினார், பிறகு கை கழுவ வேண்டும் என்றார்.

"குளியலறை பல்பு எரியாதுங்க சார்," என்று அவள் குறுக்கே வந்தாள். "சமையலறையில கழுவிக்கோங்களேன்."

பல்பு போய்ப் பல மாதம். வட்டத்தின் பணிகளுக்கு நடுவே அதை மாற்றச் செயலாளருக்கு நேரம் கிடைக்கவில்லை.

"அதனால என்னம்மா, என்கிட்ட டார்ச் இருக்கு," என்று தலைவர் உள்ளே போனார்.

அது ஊதா டார்ச். சில பழைய கண்ணாடிகளில் யுரேனியம் கலந்திருக்கும். ஊதா ஒளி பட்டால் பச்சையாக மின்னும். கதவிடுக்கில் பச்சை வெளிச்சம் வழிவதை அவள் பார்த்தாள். குழாய்ச் சத்தம் நின்றது.

"அம்மா," உள்ளிருந்து தலைவரின் குரல் மெலிந்து வந்தது, "அந்தக் கிண்ணத்தைக் கொஞ்சம் கொண்டு வாங்க. இருட்டுல வச்சுப் பாக்கணும்."

செயலாளர் பெருமையோடு எடுத்துக் கொடுத்தார். அவள் கொண்டு போனாள். தலைவர் அதைக் கவிழ்த்து, சோப்போடு சேர்த்துத் தட்டின் மேல் மூடினார். ணங். கொஞ்சமும் ஆடவில்லை. பச்சை ஒளியில் தலைவரின் முகம் ஜுரம் கண்டவர் முகம்போல் இருந்தது.

"என்ன சத்தம்?" என்றார் செயலாளர் கூடத்திலிருந்து.

"ஒண்ணுமில்லீங்க, சோப்பு டப்பா!"

தலைவர் கிசுகிசுத்தார். "வேற யாருக்காவது தெரியுமா?"

"எனக்குத் தெரியும். இப்ப உங்களுக்கு."

"நூல் அச்சுக்குப் போகுதும்மா. ஒரு அத்தியாயம் முழுக்க..."

"படிச்சேன் சார். ஐரோப்பாக்காரங்க கவிழ்த்து வச்ச இடம் நல்லா இருந்துது."

தலைவர் கிண்ணத்தை எடுத்துத் தட்டைப் பார்த்தார். "தட்டு வெளியே தெரியாம, இதுல எப்பவும் பெரிய சோப்பா வைக்க முடியுமா?"

"வைக்கலாம். ஆனா என் பொண்ணு கண்ணாடி டம்ளர்ல தண்ணி குடிக்கணும்னு ஆசைப்படுறா. அலமாரிச் சாவி அவர்கிட்ட இருக்கு. அவரோ உங்க பேச்சை மட்டும்தான் கேப்பார்."

தலைவர் கூடத்துக்கு வந்தபோது நிமிர்ந்து நடந்தார்.

"சார், புதுசா ஏதாவது புலப்பட்டதா?" என்று செயலாளர் பதறினார்.

"இருட்டுல பரிசோதிச்சாச்சு. சந்தேகமே இல்லை, ஜோடி கிடையாது." தலைவர் தொண்டையைச் செருமினார். "இன்னொண்ணு. கீறல் எப்படி விழுதுன்னு ஒப்பிட்டுப் பாக்க நமக்குப் புதுக் கீறல் வேணும். அந்த டம்ளர்களை வெளியே எடுத்து, உங்க வீட்டுல எல்லாரும் தினமும் அதுல தண்ணி குடிக்கணும். ஆராய்ச்சிக்காக."

"ஆராய்ச்சின்னா உயிரையே குடுப்பேன் சார்!" என்று செயலாளர் சாவியை எடுத்தார். மகள் அன்று தாகமில்லாமலே மறுபடி மறுபடி தண்ணீர் குடித்தாள்.

இரண்டாம் பதிப்பு வந்துவிட்டது. அட்டையில் கிண்ணம், திட்டமிட்டபடி சாய்ந்து நிற்கிறது. முன்னுரையில் 'ஆய்வுக்கு உகந்த சூழலைப் பேணிய இல்லத்தரசி'க்குத் தனியே நன்றி உண்டு. அந்நூலின் வெளியீட்டு விழாவில், தலைவர் முன்மொழிய, செயலாளரே உணர்ச்சிவசப்பட்டு வழிமொழிய, வட்டம் ஒருமனதாக நிறைவேற்றிய தீர்மானம் பின்வருமாறு: உலகெங்கும் அறிவொளி பரப்பும் உயரிய நோக்கத்தை முன்னிட்டு, செயலாளர் வீட்டுக் குளியலறையில் எக்காரணம் கொண்டும் பல்பு மாட்டக் கூடாது.