தலைவர் வீட்டுச் சாயம்

மேலே இருந்து ஒழுகிய முதல் சொட்டு கலியமூர்த்தியின் வழுக்கைத் தலையில் விழுந்தது. அடுத்த சொட்டு அவர் கையிலிருந்த காப்பியில் விழுந்தது. தலையில் விழுந்ததை அவர் பொறுத்துக்கொண்டார். காப்பியில் விழுந்ததைப் பொறுக்க முடியவில்லை. டம்ளரோடு மாடிப்படி ஏறினார்.

மஞ்சக்குப்பத்தில் அந்தக் கட்டிடத்தை மூன்று குடும்பங்கள் சேர்ந்து கட்டியிருந்தன. அறுபதுகளில் அது கடலூருக்கே புதுசு. ஒரே கட்டிடத்துக்கு மூன்று சொந்தக்காரர்களா என்று போகிறவர்கள் நின்று பார்த்துவிட்டுப் போனார்கள். கீழ்வீடு முழுவதும் முந்திரி வியாபாரி கலியமூர்த்தி குடும்பத்துக்கு. மாடியில் ஒரு பாதி பத்திர எழுத்தர் தேவநாதனுக்கு. மறுபாதி துறைமுகத்தில் வேலை பார்க்கும் சிங்காரத்துக்கு. மாடி வீடுகள் இரண்டின் குளியலறைகளும் ஒரே சுவருக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக ஒட்டிக்கொண்டிருந்தன. அந்தச் சுவருக்கு நேர் கீழேதான் கலியமூர்த்தியின் கூடம்.

ஆகவே, கீழே விழுகிற சொட்டு எந்த வீட்டுச் சொட்டு என்பது அந்தச் சொட்டுக்குத்தான் தெரியும்.

தேவநாதனுக்கும் தெரியும். அவர் குளியலறையில் தண்ணீர் வெளியே போகும் துவாரத்தை ஒட்டி, தரையில் மயிரிழை போல ஒரு விரிசல். அதைப் பார்த்த அன்றே அதன்மேல் ஒரு மணையைத் தூக்கிப் போட்டு, மணைமேல் உட்கார்ந்து குளிக்க ஆரம்பித்துவிட்டார். கட்டிடம் கட்டும்போது மேஸ்திரியை நகரச் சொல்லிவிட்டு, "என் வீட்டுத் தரைக்கு நானே நின்னு கலவை போடறேன், நூறு வருஷம் நிக்கும்" என்று ஊர் கேட்கச் சொன்னவர் அவர். மூன்றாவது வருஷத்திலேயே விரிசல் என்றால் முகத்தை எங்கே வைத்துக்கொள்வது?

போதாததற்கு அவர் தலைவர் வேறு. கட்டிடத்துக்கு ஒரு சங்கம் வேண்டும் என்றவர் அவர். தலைவரை முன்மொழிந்தவரும் அவர். வழிமொழிந்தவரும் அவர்தான்.

அவர் மனைவி அமிர்தம் சிதம்பரத்துப் பெண். அதிகம் பேசமாட்டாள். அந்தக் குளியலறைத் தரையை மட்டும் வந்த நாளிலிருந்து பேசிக்கொண்டிருந்தாள்.

"ஏங்க, தண்ணி வாட்டத்துக்கு ஓடல. அங்கியே குட்டை கட்டி நிக்குது. ஒரு கொத்தனார வரச்சொல்லுங்க."

"நிக்கட்டும். தண்ணிக்கும் கால் வலிக்கும்ல."

"தரையெல்லாம் பாசி. அன்னிக்கு வழுக்கி வுழப் பாத்தேன்."

"பாத்து நட. தரை மேல பழி போடாத."

இப்படியே பேச்சு முடிந்துவிடும். தண்ணீர் மட்டும் மணைக்குக் கீழே தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தது.

காப்பி டம்ளரோடு வந்த கலியமூர்த்தியின் முகத்தில் கோபத்தைவிடக் கவலைதான் அதிகம் இருந்தது.

"மாமா, எம் பொண்ணு அமராவதியப் பொண்ணு பாக்க சிதம்பரத்துலேருந்து வராங்க. வெள்ளிக்கிழம வரேன்னவங்கள, வீடு வெள்ளையடிக்கறோம்னு சொல்லி அடுத்த மாசத்துக்குத் தள்ளி வெச்சிருக்கேன். மாப்பிள்ள தலையில காரை பேந்து வுழுந்தா நான் என்னா பண்ணுவேன்? மழையும் வந்துடும். எனக்கு ஒரு வழி சொல்லுங்க."

தேவநாதன் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். "கவலப்படாத மாப்ள. சங்கம் எதுக்கு இருக்கு? இன்னிக்கு சாயந்தரமே கூட்டம்."

கூட்டம் தேவநாதன் வீட்டு முன்னறையில் நடந்தது. கலியமூர்த்தியும் அவர் மனைவி விருத்தாம்பாளும் வந்தார்கள். சிங்காரம் மட்டும் வந்தார். அவர் மனைவி மங்கலம் மீன் வாங்க முதுநகர் போயிருந்தாள். அமிர்தம் சமையல்கட்டுக்கும் முன்னறைக்குமாகக் காப்பி சுமந்துகொண்டிருந்தாள்.

தலைவர் எழுந்தார். தொண்டையைச் செருமினார்.

"இந்தக் கட்டிடத்துக்கு இப்போது வேண்டியது ஒழுக்கம்."

"அது ஏற்கெனவே ஜாஸ்தியா இருக்கு மாமா. அதான் கூட்டமே" என்றார் கலியமூர்த்தி.

"நான் சொல்வது வேறு ஒழுக்கம். கேளுங்கள். கூரை ஈரமானதற்குக் காரணம் நீர்."

சிங்காரம் திடுக்கிட்டார். "நானா மச்சான்?"

"நீர் இல்லைய்யா. நீர். தண்ணி."

"தண்ணின்னா சரி. என்னச் சொல்றீங்களோன்னு பாத்தேன்."

"உம்மையும் சொல்லலாம். அது நாளைக்குத் தெரியும்."

எப்படித் தெரியும் என்று எல்லோரும் கேட்டார்கள். தேவநாதன் கண்ணை மூடி, பெரிய யோசனையைக் கிணற்றிலிருந்து இறைப்பவர் போல மெதுவாக எடுத்துவிட்டார். இரண்டு குளியலறையிலும் ஆளுக்கொரு சாயத்தைக் கரைத்து ஊற்றுவது. கீழே எந்த நிறம் சொட்டுகிறதோ அந்த வீட்டில்தான் ஓட்டை.

எல்லோரும் அசந்துபோனார்கள். உண்மையில் அந்த யோசனையை மத்தியானம் சோறு போடும்போது அமிர்தம்தான் சொன்னாள். குறிஞ்சிப்பாடி நெசவுக்காரர்களிடம் நல்ல சாயம் கிடைக்கும் என்று சொல்லி, ஆள் அனுப்பி வாங்கி வைத்ததும் அவள்தான். அதையெல்லாம் தலைவர் கூட்டத்தில் சொல்லி நேரத்தை வீணாக்கவில்லை.

"சிங்காரத்துக்குச் சிவப்பு. எனக்கு நீலம். 'சி'க்குச் 'சி', மறக்காது" என்று கூட்டத்தை முடித்தார்.

அவர் திட்டம் இதுதான். காலையில் பொட்டலங்களைக் கொடுக்கப்போவது அவர். ஊற்றப்போவது பெண்கள். மங்கலம் கூட்டத்துக்கே வரவில்லை. அமிர்தம் காப்பியைத்தான் கவனித்துக்கொண்டிருந்தாள். நீலத்தை மங்கலத்திடம் கொடுத்துவிட்டுச் சிவப்பைத் தன் வீட்டில் ஊற்றினால், கீழே சிவப்புச் சொட்டும். சிவப்பு யாருக்கு? சிங்காரத்துக்கு. இத்தனை வருஷம் பத்திரம் எழுதியதில் இப்படி ஒரு நுணுக்கம் தனக்கு வாய்த்ததை எண்ணி அவருக்கே உடம்பு சிலிர்த்தது.

மறுநாள் காலை அப்படியே செய்தார். சிங்காரம் பல் விளக்கிக்கொண்டிருக்கும்போது மங்கலத்தின் கையில் நீலப் பொட்டலத்தைத் திணித்தார். அமிர்தத்திடம் சிவப்பை நீட்டினார்.

"கரைச்சு ஊத்திட்டு, அப்பறம் நல்லா கழுவி வுட்டுடு. ஒரு பொட்டு சிவப்பு தரையில இருக்கக்கூடாது."

"சரிங்க."

அவ்வளவுதான் சொன்னாள். ஒரு கேள்வி கேட்கவில்லை. கேள்வி கேட்காத மனைவியைப் பார்த்தால் பயப்பட வேண்டும் என்று தேவநாதனுக்குத் தெரியவில்லை. மேல்துண்டை உதறிப் போட்டுக்கொண்டு கீழே இறங்கினார்.

கூடத்து நடுவில் விருத்தாம்பாள் பித்தளைத் தாம்பாளத்தை வைத்திருந்தாள். ஆண்கள் மூவரும் மேலே பார்த்தபடி நின்றார்கள். கழுத்து வலித்தது. மேலே தண்ணீர் ஊற்றும் சத்தம் இரண்டு பக்கமும் கேட்டது. கூரையின் ஈரத் திட்டு மெல்லக் கறுத்தது. அதன் நடுவில் ஒரு முத்து திரண்டது. தொங்கியது. தாம்பாளத்தில் விழுந்து தெறித்தது.

சிவப்பு. வெற்றிலை போட்ட வாய் மாதிரி அப்பட்டமான சிவப்பு.

சிங்காரத்தின் முகம் சுருங்கிவிட்டது. "எங்க வூடுதானா? தெரியாம போச்சே. கலியமூர்த்தி, மன்னிச்சுக்கப்பா. பொண்ணு விசேஷத்த வெச்சிக்கிட்டு இருக்கற நேரத்துல..."

அதைக் கேட்டபோது தேவநாதனுக்கு நெஞ்சில் எங்கேயோ ஒரு முள் நெருடியது. அதைத் துண்டால் விசிறி ஆற்றிக்கொண்டார்.

மாடிப்படியில் அமிர்தம் வந்து நின்றாள். கைகளை முந்தானைக்குள் வைத்திருந்தாள்.

"ஏங்க, சிவப்பு வந்த வூட்டுக்காரங்க இப்ப என்னா செய்யணும்?"

தலைவர் குரலை ஏற்றினார். "மேற்படி வீட்டார் மேற்படி தரையை உடனே செப்பனிட வேண்டும்."

"விரிசல்ல கொஞ்சம் சிமிட்டி பூசுனா போதுங்களா?"

"பூசுவதா? நாளைக்கே திரும்ப ஒழுகும். தரை முழுவதையும் பெயர்த்து எடுக்க வேண்டும். துவாரத்தைப் பார்த்து வாட்டம் கொடுத்துப் புதிதாகப் போட வேண்டும். குழாயைச் சுற்றி ஊசி நுழைய இடம் இருக்கக்கூடாது. அதன்மேல் மொசைக்."

"மொசைக்கா?"

"மொசைக்தான். என் தலைமையில் அரைகுறை வேலை கிடையாது."

"அது காயற வரைக்கும் அந்த வூட்டுப் பொம்பள எங்கங்க குளிப்பா?"

"பிறந்த ஊருக்குப் போய்ச் சௌகரியமாக இருந்துவிட்டு வரட்டும். தப்பு அவள்மேல் இல்லையே. வீட்டுக்காரன் இருந்து வேலையைப் பார்க்கட்டும். அக்கம்பக்கத்தில் குளித்துக்கொள்ளட்டும்."

"இது தலைவர் தீர்ப்பு. எல்லாரும் கேட்டுக்கிட்டீங்க இல்ல?" என்று அமிர்தம் கூடத்தைப் பார்த்துக் கேட்டாள். எல்லோரும் தலையாட்டினார்கள். தேவநாதன்தான் எல்லோரையும்விடப் பலமாக ஆட்டினார்.

அப்போது மங்கலம் படியிறங்கி வந்தாள். "என்னா, எது வந்துச்சு?"

"நம்ம சிவப்பு வந்துடுச்சு" என்றார் சிங்காரம் வருத்தத்தோடு.

"நம்மளுது எங்க சிவப்பு? இதப் பாருங்க." மங்கலம் இரண்டு கைகளையும் விரித்தாள். மணிக்கட்டு வரை நீலம். "தேச்சுத் தேச்சுக் கழுவறேன், போவ மாட்டேங்குது. அண்ணன் என்கிட்ட குடுத்தது நீலந்தான்."

தாம்பாளத்தில் இன்னொரு சிவப்புச் சொட்டு விழுந்தது. எல்லோரும் அமிர்தத்தைத் திரும்பிப் பார்த்தார்கள். அவள் தயங்கித் தயங்கி முந்தானையிலிருந்து கைகளை வெளியே எடுத்தாள். கல்யாணப் பெண்ணின் மருதாணியைவிடப் பிரமாதமாகச் சிவந்திருந்தன.

"எனக்கு இதத்தான் குடுத்தாரு. நானும் அவரு சொன்ன மாதிரி கழுவிப் பாத்துட்டேன். தரையும் இப்படித்தான் இருக்கு."

சாயம் வெளுக்காததால் தேவநாதனின் சாயம் வெளுக்கும் நேரம் வந்துவிட்டது. அவர் காதோரம் வியர்வை வழிந்தது. கட்டிடத்தில் இன்னோர் இடத்திலும் கசிவு.

அமிர்தம்தான் பேசினாள். "பொட்டலம் கை மாறிப் போச்சு போலருக்கு. காலையில கண்ணாடி போடாம அவருக்கு ஒண்ணும் தெரியாது."

"ஆமாம். கண்ணாடி" என்றார் தேவநாதன். கண்ணாடி அவர் மூக்கின்மேல்தான் இருந்தது. நல்ல வேளையாக யாரும் அதைக் கவனிக்கவில்லை. ஏனென்றால் கலியமூர்த்தி பாய்ந்து வந்து அவர் கைகளைப் பிடித்துக்கொண்டார்.

"மாமா, உங்கள மாதிரி ஒரு மனுஷனப் பாத்ததில்ல. யார் வூடுன்னு பாக்காம, அடியோட பேக்கச் சொன்னீங்களே. இப்ப அது உங்க வூடாவே இருக்கு. வேற ஆளா இருந்தா பேச்ச மாத்திடுவான். நீங்க மாத்தமாட்டீங்க."

மாற்றலாம் என்று அந்த நொடியில்தான் தேவநாதன் நினைத்துக்கொண்டிருந்தார். இனி முடியாது.

"சொன்னது சொன்னதுதான்" என்றார், மார்பை நிமிர்த்தி. சொல்லச் சொல்ல அவருக்கே தான் நல்லவர் என்று தோன்ற ஆரம்பித்துவிட்டது.

கொத்தனார் வந்து தரையைப் பெயர்த்தார். சல்லடை மாதிரி ஒரு கலவை வெளியே வந்தது. யார் போட்டது என்று அவர் கேட்டார். தலைவர் மொட்டை மாடிக்குக் காகம் பார்க்கப் போய்விட்டார். புதிதாகத் தளம் போட்டு, துவாரத்தை அடைத்துத் தண்ணீர் தேக்கிக் கீழே வந்து பார்த்தார்கள். ஒரு சொட்டு இறங்கவில்லை. கலியமூர்த்தியின் கூரை காய்ந்தது. வெள்ளையடித்தார்கள். பெண் பார்க்க வந்தவர்கள் கூரையைப் பார்க்கவில்லை, அமராவதியைப் பார்த்தார்கள். அன்றைக்கே தட்டு மாற்றிவிடலாம் என்றார்கள். கட்டிடமே கொண்டாடியது. சங்கத்திலும் ஒரு விதி வந்தது: வருஷா வருஷம் ஐப்பசி மழைக்கு முன்னால் எல்லார் வீட்டுத் தரையிலும் தண்ணீர் தேக்கிப் பார்ப்பது, மொட்டை மாடித் தண்ணீர்க் குழாயில் சருகு தங்காமல் எடுப்பது. கலியமூர்த்தி தேவநாதனை ஆயுள் தலைவராக்கி மாலை போட்டார்.

இதற்கெல்லாம் முன்னால், கொத்தனார் தரையைப் பெயர்த்த அன்றே அமிர்தம் பெட்டியோடு கிளம்பினாள். பஸ் ஏற்றிவிடத் தேவநாதன் கூடவே வந்தார்.

"பாத்தியா அமிர்தம். ஊரே பேசுது. எல்லாம் என் தீர்ப்பு."

"ஆமாங்க." அவள் ஜன்னலோரம் உட்கார்ந்துகொண்டாள். கைச் சிவப்பு இன்னும் முழுதாகப் போகவில்லை. "'சி'க்குச் 'சி'ன்னு நீங்க சொன்னது சமையல்கட்டு வரைக்கும் கணீர்னு கேட்டுச்சு."

அவர் நிமிர்ந்து பார்ப்பதற்குள் சிதம்பரம் பஸ் புறப்பட்டுவிட்டது. ஜன்னலில் ஒரு சிவந்த கை ஆடிக்கொண்டே போனது.

மறுநாள் காலை வருங்கால ஆயுள் தலைவர் தோளில் துண்டும் கையில் சோப்புப் பெட்டியுமாகச் சிங்காரம் வீட்டுக் கதவைத் தட்டினார். மங்கலம் திறந்தாள். வழிவிட்டாள். சிரிக்கவில்லை.

"வாங்கண்ணே. தண்ணி மட்டும் கொஞ்சம் பாத்து ஊத்துங்க. எங்க தரை கெட்டுப்போயிடப் போவுது."