ஐந்து மடங்கு ஜூமும் அத்தையின் பணிநிறைவு விழாவும்

அன்புக்கும் மரியாதைக்கும் உரிய சின்ன மாப்பிள்ளை அவர்களுக்கு,

மாமனார் எழுதுவது. நீங்களும் மகளும் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே நானும் உங்கள் அத்தையும் சௌக்கியம்தான், ஆனால் மூன்று நாளாக ஆளுக்கொரு அறையில். ஒரே அறையில் சௌக்கியமாக இருக்க முடியாமல் போனதற்கு நீங்கள் ஆசையாகத் தந்த கேமராதான் காரணம் என்பதைக் குறையாக அல்லாமல் ஒரு தகவலாகத் தெரிவித்துக்கொள்கிறேன்.

முப்பத்திரண்டு வருடம் நர்ஸாக இருந்த உங்கள் அத்தைக்குப் போன வெள்ளிக்கிழமை ஆஸ்பத்திரி ஹாலில் பணிநிறைவு விழா. யூனிஃபார்மில் அவளுக்கு இருக்கும் ஒரே படம் அடையாள அட்டையில் இருப்பது. அதிலும் கண் மூடியிருக்கிறது. அதனால், "நீங்க ஒண்ணும் பேச வேண்டாம், கேடயம் வாங்கறப்ப ஒரு படம் எடுத்துடுங்க, அது போதும்" என்றாள். பெட்டியின் மேல் ஐந்து மடங்கு ஜூம் என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்ததால், எதையும் ஐந்து மடங்கு பக்கத்தில் கொண்டுவந்துவிடும் என்று நம்பி, கடைசி வரிசையில் மின்விசிறிக்கு அடியில் நிம்மதியாக உட்கார்ந்துகொண்டேன். பெரிய டாக்டர் கேடயத்தை நீட்டியதும் ஜூமை அழுத்தினேன். லென்ஸ் நீண்டது, நின்றது. திரையில் உங்கள் அத்தை கட்டைவிரல் உயரம். விடாமல் அழுத்தினேன், கேமராவும் மறுக்காமல் டிஜிட்டல் ஜூம் என்று ஒன்றைக் கொடுத்தது. முகம் பெரிதானது, ஆனால் குளியலறைத் தரை மாதிரி சதுரம் சதுரமாக. கேமரா வேறு ஆடிவிட்டது. கேடயத்தை வாங்குவது அத்தையா, அலமாரியா என்று படத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது.

அடுத்தது குரூப் போட்டோ. நாற்பது நர்ஸுகள் வரிசையாக நிற்க, நீட்டிய ஜூமை உள்ளே இழுக்காமலே எதிரே போய் நின்றேன். மூன்று பேர்தான் தெரிந்தார்கள். பின்னால் நகர்ந்தேன், ஏழு பேர். இன்னும் நகர்ந்தேன், பதினைந்து. இப்படியே நகர்ந்து நகர்ந்து கண்ணாடிக் கதவைத் தாண்டி வராந்தாவுக்குப் போய்விட்டேன். கதவு தானாகப் பூட்டிக்கொண்டது. உள்ளே நாற்பது பேர் சிரித்த முகத்தோடு காத்திருக்க, வெளியே நான் கண்ணாடியில் தெரிந்த என்னையே ஆறு படம் எடுத்திருக்கிறேன். எக்ஸ்ரே எடுக்கும் அம்மாதான் வந்து கதவைத் திறந்துவிட்டார்.

"சார், கையில ஜூமை வெச்சுக்கிட்டு ஏன் இவ்வளவு தூரம் நடக்கறீங்க?" என்றவர், என் பையிலிருந்த கேமரா பெட்டியை வாங்கிப் பார்த்தார். "இருபத்தஞ்சுலேந்து நூத்தி இருபத்தஞ்சு மில்லிமீட்டர்னு போட்டிருக்கு பாருங்க. பெருசைச் சின்னதால வகுத்தா அஞ்சு, அவ்வளவுதான் அந்த அஞ்சு. எவ்வளவு கிட்ட வரும்னு பெரிய நம்பர்தான் சொல்லும். சின்ன நம்பர்ல வெச்சா ஹாலே அடங்கும். டிஜிட்டல் ஜூம் சும்மா படத்தை வெட்டிப் பெருசாக்கறது, அதை அணைச்சுடுங்க."

எலும்பு வரைக்கும் பார்ப்பவர் சொன்னால் கேட்க வேண்டியதுதானே. இருபத்தைந்தில் வைத்தேன், நாற்பது பேரும் இரண்டு மின்விசிறியும் அடங்கிவிட்டார்கள்.

அந்த அம்மாவே பெரிய டாக்டரிடம் பேசி, கேடயத்தை மறுபடி கொடுக்க வைத்தார். இந்தத் தடவை முன்வரிசையில், நாற்காலி முதுகில் முழங்கையை ஊன்றி, நூற்றிருபத்தைந்தில் வைத்தேன். திரை முழுக்க உங்கள் அத்தையின் முகம். தினமும் எதிரே பார்க்கிற முகம்தான், ஆனால் உதட்டைக் கடித்து அழுகையை அடக்கிக்கொண்டிருக்கிறாள் என்பது அப்போதுதான் தெரிந்தது. எனக்கும் கண் நிறைந்துவிட்டது. பார்த்துக்கொண்டே இருந்தேன், பொத்தானை அழுத்தவில்லை.

"ஆக, நாப்பது பேர்ல நானும் ஒருத்தி" என்று வீட்டுக்கு வந்ததும் குரூப் போட்டோவைப் பார்த்துச் சொன்னாள். தலையணையை எடுத்துக்கொண்டு அடுத்த அறைக்குப் போய்விட்டாள். இனி ஏதாவது பரிசு தருவதாக இருந்தால், எப்படி இயக்குவது என்று தெரிந்த ஒருவரையும் சேர்த்து அனுப்பினால் உதவியாக இருக்கும்.

நீங்கள் இருவரும் நோய் நொடி இல்லாமல், ஒரே அறையில் நீடூழி வாழ வேண்டும்.

இப்படிக்கு,
மாமனார்

பி.கு.: உங்கள் அத்தை இதை வாங்கிப் படித்துவிட்டு, மூன்று நாளில் முதல் முறையாகச் சிரித்தாள். கேமராவைத் தந்தது பெரிய மாப்பிள்ளையாம். நீங்கள் தந்தது இஸ்திரிப் பெட்டி. அது மிக நன்றாகச் சூடாகிறது. மறுபடி எழுதத் தெம்பில்லை. "சின்ன" என்பதை அடித்துப் "பெரிய" என்று போட்டு, இதை அவருக்கே அனுப்பிவிடவும்.