சலூன் போர்டில் ஒரு பெயர்

"இந்தப் போர்டுல என் பேரு வரணும்" என்றார் ஆரோக்கியசாமி.

மோகனுக்கு முதலில் ஒன்றும் புரியவில்லை. சனத்நகரில் அவன் சலூன் திறந்த நாளிலிருந்து வாடிக்கையாக வருகிறவர் அவர். பக்கத்து இன்ஜினியரிங் கம்பெனியில் லேத் ஆபரேட்டர். சுவரில் தொங்கும் விலைப் பலகையைத்தான் காட்டினார். பிரெஞ்ச் தாடி, முறுக்கு மீசை, ஆட்டுத்தாடி என்று எழுதியிருந்த பலகையில் மனிதர் பேருக்கு என்ன வேலை?

"கடைய வாங்கப் போறீங்களாண்ணே?"

"கடை யாருக்குப்பா வேணும்? கிருதாவ சைட்பர்ன்ஸ்னு சொல்றியே, அது எப்படி வந்துச்சு தெரியுமா? பர்ன்சைடுன்னு ஒரு அமெரிக்க ஜெனரல். காதுலேர்ந்து கன்னம் வழியா மீசை வரைக்கும் முடி வெச்சிருந்தாரு. அவர் பேரையே அந்த முடிக்கு வெச்சாங்க. அப்புறம் ஜனங்க அதைத் திருப்பிப் போட்டு சைட்பர்ன்ஸ் ஆக்கிட்டாங்க. ஆள் போய் நூறு வருஷத்துக்கு மேல ஆச்சு. பேரு இன்னும் ஊர்ல இருக்கிற கன்னத்துல எல்லாம் இருக்கு!"

விஷயம் இதுதான். வருகிற வெள்ளிக்கிழமை அவருக்கு ரிட்டையர்மெண்ட். முப்பத்திரண்டு வருஷம் இரும்பைக் கடைந்திருக்கிறார். ஒரு போல்ட்டிலாவது அவர் பேர் உண்டா? கிடையாது. கல்லறையில் எழுதுவார்கள்தான்; அதைப் படிக்க எவன் வரப்போகிறான்? ஆனால் ஒரு மீசைக்கு அவர் பேர் வந்துவிட்டால்? அவர் முகத்தையே பார்த்திராத எவனோ ஒருத்தன் அந்தப் பேரை வாய் நிறையச் சொன்னால்? நினைக்கும்போதே மனிதருக்கு நெஞ்சு நிறைந்து போயிற்று.

சும்மா வரவில்லை. மூன்று மாதம் முகத்தில் கத்தி படாமல் வளர்த்து, டிராயிங் ஷீட்டில் தன் முகத்தை வரைந்து, அளவும் போட்டுக் கொண்டுவந்திருந்தார். இடது கிருதா நாற்பத்திரண்டு மில்லிமீட்டர். வலது முப்பது. மீசையின் வலது நுனி கன்னத்தில் ஏறிக் கிருதாவைத் தொட வேண்டும். இடது நுனி தொடவே கூடாது.

"அரை மில்லி கூடக் குறைய இருக்கலாம். அதுக்கு மேல நக்கோ" என்று, வேண்டாம் என்பதற்கு அந்த ஊர் உருது வார்த்தையைப் போட்டு, ஸ்டீல் ஸ்கேலையும் நீட்டினார்.

வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தால் எல்லாம் நல்லபடியாகத்தான் முடிந்திருக்கும்.

"முறுக்கு மீசைன்னா, கையால முறுக்குறதுனாலயா, தின்கிற முறுக்கு மாதிரி இருக்கிறதுனாலயா?" என்று கேட்டுத் திரும்பினார். இடது கிருதாவில் பத்து மில்லி போயிற்று.

"அண்ணே, ஆடாதீங்க!"

"சரி சரி, வலதுலயும் பத்து எடு."

எடுத்தான்.

"ஆட்டுத்தாடின்னு நாம சொல்றோம். இங்கிலீஷ்காரனும் கோட்டீன்னு ஆட்டை வெச்சுத்தான் பேரு வெச்சிருக்கான். ரெண்டு பேருக்கும் ஏம்ப்பா ஆடே தோணுச்சு?"

இந்தத் தடவை மீசை நுனி. அதைச் சரிக்கட்ட மறு நுனி. மறு நுனியைச் சரிக்கட்டப் போய், மீசைக்கும் கிருதாவுக்கும் நடுவே பாலமாக இருந்த முடி அறுந்தது. அரை மணி நேரம் கழித்துக் கண்ணாடியில் பார்த்தால் மீசை ஒரு பக்கம் அரை, மறு பக்கம் கால். வலது கன்னத்தின் நடுவில் எதோடும் ஒட்டாமல் ஒரு கொத்து முடி.

"போர்டுல எழுதிடலாமா?" என்றார்.

"இதை எழுதினா கடைக்கு எவண்ணே வருவான்?"

வீட்டில் மனைவி கமலா கதவைத் திறந்தாள். அரை நிமிஷம் உற்றுப் பார்த்தாள்.

"யாரு வேணும்?"

"நான்தான் கமலா."

"கர்த்தரே! இந்த மூஞ்சியோட வெள்ளிக்கிழமை மேடையேறுவீங்களா? முழுசா மழிச்சிட்டு வாங்க, போங்க!"

மோகனிடம் திரும்பிப் போக வெட்கம். தெரிந்தவர் ஒருத்தரும் இல்லாத மல்லாபூருக்கு பஸ் ஏறினார். அங்கே ஒரு சின்ன சலூன். கடைக்காரன் பாபு தமிழ்ப் பையன்தான். முகத்தைப் பார்த்து ஒன்றும் கேட்காமல் நுரையைப் பூசினான். ஆரோக்கியசாமி கண்ணை மூடிக்கொண்டார். மூன்று மாத ஆசை நுரையோடு போகப் போகிறது. பேர் இல்லாமலே வந்தோம், பேர் இல்லாமலே போவோம் என்று நினைத்ததும் அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

"கலம் எவ்ளோ வெக்கணும் ஸார்?" என்று பாபு காதோரத்தைத் தொட்டான்.

துக்கம் பறந்துவிட்டது மனிதருக்கு.

"உருதுல கலம்னா பேனா இல்ல? காதோர முடிக்கு எப்படிப்பா பேனான்னு பேரு வந்துச்சு? முதல்ல யாரு சொன்னது? முடி பேனா மாதிரி இருக்கிறதுனாலயா, சாய்ச்சு வெட்டுறதுனாலயா? உனக்கு யாரு சொல்லிக் கொடுத்தாங்க? அவங்களுக்கு யாரு..."

பாபு கத்தியை அந்தரத்திலேயே நிறுத்தினான். நுரை காய ஆரம்பித்திருந்தது.

"ஐயோ, ஆரோக்கியசாமி நக்கோ ஸார்!"

அவருக்குத் தூக்கிவாரிப்போட்டது; நிமிர்ந்தார். "யாரு? யாருப்பா அது?"

"ஆளு இல்ல ஸார், அது ஒரு வார்த்தை. நுரை காயுற வரைக்கும் கேள்வி கேட்டே ஒருத்தர் கழுத்தறுத்தா, எங்க தொழில்ல அதுக்கு அப்படித்தான் சொல்லுவோம். எங்கேர்ந்து வந்துச்சோ, யாருக்குத் தெரியும்?"